லயத்தில் யார் படிக்கப் போகிறார்கள்?

என் சிவப்புப் பென்சிலுக்கு அந்த வகுப்பில் நல்ல பெயர் இருந்தது. நல்ல பெயர் என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆண்கள் வரிசையில் அதற்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள் என்பது பிற்பாடு தெரியவந்தது. அதை இங்கே எழுத முடியாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நடந்தது இது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமை தோறும் தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு வைப்பார்கள். ஒரு கூடம் நிறைய ஆண்கள், இரண்டே பெண்கள். அந்த இரண்டில் நான் ஒருத்தி. அப்பா ரயில்வேயில் வேலை. குவார்ட்டர்ஸ் வீடு வகுப்புக்குக் கூப்பிடு தூரம். இன்னொருத்தி கிள்ளானுக்கு அப்பால் கித்தா என்கிற ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பள்ளி நடத்துகிறவள். அந்தத் தோட்டத்தின் பெயரை நான் எங்கும் எழுதியதில்லை. இங்கேயும் எழுதமாட்டேன்.

அவள் என்னைவிட இரண்டு வயது சின்னவள், என்னை அக்கா என்பாள். வாய் திறந்து நான்கு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசமாட்டாள். எனக்கு நேர்மாறு. நான் பேசாமல் இருந்தால் எனக்குக் காய்ச்சலா என்று வீட்டில் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள்.

ஒரு சனிக்கிழமை வகுப்பு மாஸ்டர் எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார். "புத்தகத்தப் பாத்து எழுதாதீங்க. ஒரு மனுஷர்கிட்டப் போய் உக்காருங்க. எப்படி இங்க வந்தாரு, என்ன சாப்புடுறாரு, எதுக்குப் பயப்படுறாரு, எல்லாம் கேளுங்க. கேட்டத எழுதிக்கிட்டு வாங்க" என்றார். எழுதியதை நேரே அவரிடம் கொடுக்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவரோடு மாற்றிக்கொண்டு, ஒருவர் கட்டுரைக்கு ஒருவர் ஓரத்தில் குறிப்புப் போட வேண்டும். அந்தக் குறிப்புகளைப் பார்த்துத் திருத்தி எழுதிய பிறகுதான் அவர் படிப்பார். பெண்கள் ஆண்களோடு தாளை மாற்றிக்கொள்வது அந்தக் காலத்தில் நடக்கிற காரியமா? ஆகவே அவள் கட்டுரை எனக்கு, என் கட்டுரை அவளுக்கு.

நான் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வரும் சலவைக்காரரைப் பற்றி எழுதியிருந்தேன். பத்துப் பக்கம். என் எழுத்தைப் படித்து நானே கண் கலங்கினேன். அவள் அதற்குப் போட்ட குறிப்பு ஒன்றே ஒன்று. கடைசிப் பக்கத்தில், பேனாவில், சின்ன எழுத்தில்: "அக்கா, இவரைவிட நீங்கள் அதிகம் பேசுகிறீர்கள்."

எனக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது. உண்மையைச் சொன்னால் யாருக்குத்தான் ஏறாது? இவள் யார் எனக்குச் சொல்ல, இரு உன்னைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சிவப்புப் பென்சிலைச் சீவிக்கொண்டு அவள் கட்டுரையில் உட்கார்ந்தேன். அன்று நான் போட்ட குறிப்புகளில் பாதி இலக்கணம், பாதி வஞ்சம். இத்தனை வயதுக்குப் பிறகு அதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

அவள் கட்டுரை மூன்று பக்கம். ஒரு பெண் ஓர் ஊரிலிருந்து கப்பலில் வந்தாள். ஒரு தோட்டத்தில் புருஷனோடு இருந்தாள். அங்கே இருக்க முடியாமல் ஒரு நாள் இன்னொரு தோட்டத்து லயத்துக்கு, தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, வந்துவிட்டாள். இப்போது மரத்தில் பால் வெட்டுகிறாள், ஒரு பிள்ளை இருக்கிறது, பயமாக இருக்கிறது. அவ்வளவுதான். ஊர் இல்லை, இடம் இல்லை, முகம் இல்லை.

நான் ஓரம் முழுக்கச் சிவப்பாக்கினேன். "எந்த ஊர்?" "எந்தத் தோட்டம்? எங்கே இருக்கிறது?" "ஆள் எப்படி இருப்பாள்? கண்ணில் காட்டு." "உடம்பில் ஏதாவது அடையாளம் உண்டா?" "பிள்ளைக்கு என்ன வயது?" "ஒரு பெண் என்று யாரை வேண்டுமானாலும் சொல்லலாம். இது எந்தப் பெண்?" கடைசியில் கொட்டை எழுத்தில்: "பனிமூட்டத்தில் நின்று எழுதியது போல் இருக்கிறது. திரும்பப் போய்க் கேட்கவும்."

அவள் தாளை வாங்கிப் படித்தாள். முகம் சுருங்கியது.

"அக்கா, அந்தம்மா இதையெல்லாம் போடவேணாம்னு சொல்லித்தான் பேசுனாங்க. ஓடி வந்தவங்க. அவங்க புருஷன் தேடிக்கிட்டே இருக்கான்."

"பேரை மாத்திப்புடு. முடிஞ்சுது."

"யாராச்சும் படிச்சுட்டா?"

"அடி போடி! லயத்துல யாருடி படிக்கப் போறாங்க? மாஸ்டர் படிப்பாரு, நான் படிப்பேன். உன் பயந்த புத்தியப் பேப்பர்ல காட்டாத லா."

அவள் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். மேலே மறுத்திருந்தாலும் நான் விட்டிருக்கமாட்டேன்.

இரண்டு வாரம் கழித்துத் திருத்திய கட்டுரையைக் கொண்டுவந்தாள். ஐயோ, என்ன கட்டுரை அது! கிள்ளானிலிருந்து ஆற்றோரமாகப் போகும் சடக்கு ரோடு, புகைக்கூடத்துக்குப் பின்னால் லயம், தண்ணீர்க் குழாய்க்கு எதிரே கடைசி வீடு. இடது கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை மினுமினுக்கும் சுட்ட தழும்பு. சிரிப்பு வந்தால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்ளும் பழக்கம். ஏழு வயது மகள், பள்ளிக்கூடத்தில் முதல் பெஞ்சி. ஊரில் ஏரிக்கரையில் இருந்த ஐயனார் குதிரை. பெயரை மட்டும் மாற்றியிருந்தாள். தோட்டத்தின் பெயரையும் போடவில்லை. தழும்பு எப்படி வந்தது என்ற இடத்தில் "அடுப்பில் விழுந்து சுட்டுக்கொண்டேன் என்றார்" என்று இருந்தது. நான் அதன் பக்கத்தில் ஒரு சரி அடையாளம் போட்டேன்.

மாஸ்டர் அதை வகுப்பில் எழுந்து நின்று வாசித்தார். "இதுதான் கேட்டு எழுதுறது" என்றார். அதோடு நின்றிருக்கலாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அவர் தமக்குத் தெரிந்த ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு அதை அனுப்பிவிட்டார். பிரிக்பீல்ட்ஸில் நடக்கும் சனிக்கிழமை வகுப்பு மாணவி எழுதியது என்று அடியில் ஒரு வரி சேர்த்து அவர்களும் போட்டுவிட்டார்கள். அவளிடம் யாரும் கேட்கவில்லை. பத்திரிகையைப் பார்த்ததும் அவள் பெஞ்சியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் முதுகில் தட்டிக் கொடுத்தேன்.

எங்கள் மூளை எங்கே போயிருந்தது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. தோட்டத்தில் பத்திரிகை வந்தால் சாயங்காலம் வாத்தியார் லயத்து வாசலில் உட்கார்ந்து உரக்க வாசிக்க வேண்டும். பால் வெட்டிவிட்டுக் குளித்துவிட்டு வந்து ஆண்கள் சுற்றிக் குந்தியிருப்பார்கள். சோப்பு விளம்பரம் வரைக்கும் விடமாட்டார்கள். வகுப்பில் இருந்த தோட்டத்து வாத்தியார்கள் அத்தனை பேரும் இதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். ரயில்வே லயத்துப் பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் வாசித்துக் காட்டியவள்தான். எழுத்துத் தெரியாதவர்களுக்கு எங்கள் வாயே கண். அதை நாங்களே செய்துகொண்டு, லயத்தில் யார் படிக்கப் போகிறார்கள் என்று நானே கேட்டேன் பாருங்கள்!

அடுத்த சனிக்கிழமை, சாலாக் சவுத் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வரும் வகுப்புக்காரர் ஒருவர் எங்கள் பெஞ்சிக்கு வந்தார். வழக்கமாக எங்களிடம் பேசாதவர்.

"நம்ம வகுப்புக் கட்டுரைய எங்க லயத்துல வாசிச்சேங்க. ஒருத்தர் மூணு நாளா விடல. மறுபடி வாசிங்க, மறுபடி வாசிங்கன்னு ஒரே தொல்லை" என்று சிரித்தார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தியா?" என்று அவள் விலாவில் இடித்தேன். அவள் சிரிக்கவில்லை. "யாரு அவரு? என்ன வயசிருக்கும்?" என்று அவள் கேட்பதற்குள் மாஸ்டர் வந்துவிட்டார், அந்த மனிதரும் தம் இடத்துக்குப் போய்விட்டார். அன்று முழுக்க அவள் குறிப்பு எடுக்கவே இல்லை.

அதற்கு அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். பத்து மணி இடைவேளையில் நான் மட்டும் பெஞ்சியில் இருந்தேன். வராந்தாவில் ஒரு மனிதர் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றார். வெளுத்த சட்டை, மடிப்புக் கலையாத வேட்டி, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. கையில் நாலாக மடித்த பத்திரிகைத் தாள். முரட்டு ஆளாக வந்திருந்தால் எனக்கு அப்போதே உறைத்திருக்கும். இவர் கும்பிட்டார்.

"டீச்சரம்மா, பசியாறிட்டீங்களா? இத எழுதுன அம்மா நீங்களா?"

"எழுதினது இன்னொருத்தங்க. திருத்தினது நான்" என்றேன். அந்தப் பெருமையை நான் எந்த உலகத்தில் போய்க் கழுவுவேன்?

"எங்க வாத்தியாரு வேகமா வாசிக்கிறாரு. நீங்க ஒருவாட்டி நிதானமா வாசிச்சுக் காட்டுங்கம்மா. புண்ணியமாப் போவும்."

வாசித்தேன். ஏற்ற இறக்கத்தோடு, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி வாசித்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார். பிள்ளையின் வயது வந்த வரியில் கையைத் தூக்கினார்.

"அத இன்னொருவாட்டி."

"ஏழு வயது மகள், முதல் பெஞ்சியில் உட்காருகிறாள்."

"ஏழு" என்றார். விரலை மடக்கி ஏதோ எண்ணினார்.

முடித்ததும், "கண்ணுல காட்டுனாப்புல இருக்குதும்மா" என்றார். நான் சிவப்புப் பென்சிலில் கேட்டதும் அதையேதான். குளிர்ந்துபோனேன். "அந்தத் தோட்டம் எதுங்கம்மா?" என்று கேட்டார். சொன்னேன். பெயரைச் சொன்னேன், கிள்ளானில் இறங்கி எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதையும் சொன்னேன். நான் என்ன, வழிகாட்டிப் பலகையா? தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டிருந்தால் பரவாயில்லையே.

அவர் தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டே, "ஒண்ணு மட்டும் தப்பாப் போட்டிருக்கீங்கம்மா" என்றார். "அடுப்புல சுட்டது இல்ல அது. கஞ்சி."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பானை என் கையிலதான இருந்துச்சு" என்று, சந்தேகம் கேட்ட பிள்ளைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொல்லிவிட்டு, மறுபடி கும்பிட்டுவிட்டுப் படியிறங்கிப் போனான்.

 ஓர் உயிர், ஒரு பிள்ளை, என் நாக்கு நுனியில் இருந்து இறங்கிப் போய்விட்டது. போலீசுக்கு ஓடலாமா என்று நினைத்தேன். புருஷன் பெண்டாட்டியைத் தேடிப் போவதில் என்ன குற்றம் என்று என்னையே கேட்பார்கள். தோட்டத்து ஆபீசுக்குத் தகவல் சொன்னால் கிராணி என்கிற கணக்குப்பிள்ளை அவளை வெளியே கூப்பிட்டுப் புருஷன் கையில் பிடித்துக் கொடுப்பார். அதுதான் நியாயம் என்றும் நினைப்பார். மாஸ்டரிடம் கூடச் சொல்லாமல் ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

கிள்ளான் ரயிலுக்கு அவனும் அங்கே நின்றான். ஒரே வண்டி. வேறு வண்டிக்கு இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். நான் பெண்கள் பெட்டியில் ஏறி ஜன்னல் தட்டியை இறக்கிவிட்டேன். அப்பாவைத் தெரிந்த கார்டு, "என்னம்மா, தனியாவா போற?" என்று கேட்டதற்குத் தலையாட்டினேன். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் தட்டியைக் கொஞ்சம் தூக்கி, அவன் இறங்குகிறானா என்று பார்த்தேன். அவன் பின் பெட்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த கிழவர் ஒருவரோடு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு அவசரமே இல்லை. 

கிள்ளானில் இறங்கினேன். அவன் ஸ்டேஷன் எதிரே காப்பிக் கடையில் உட்கார்ந்துவிட்டான். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. நான் வாடகைக் கார் ஒன்றைப் பிடித்து ஏறும்போது நிமிர்ந்தான். என்னை அடையாளம் கண்டுகொண்டான். எழுந்து நின்று, காலையில் போலவே கும்பிட்டான்.

தோட்டத்தில் என் சிநேகிதி காய்ச்சலோடு பாயில் கிடந்தாள். நான் வாசலில் நின்றபடியே கொட்டித் தீர்த்தேன். கட்டையால் அடிப்பாள், காறித் துப்புவாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து முடியை முடிந்துகொண்டு, "எந்த பஸ்ஸு?" என்று மட்டும் கேட்டாள். இருவரும் லயத்துக்கு ஓடினோம்.

குழாயடியில் அந்தப் பெண் பால் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் அவளை அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனாலும் பார்த்தவுடன் தெரிந்தது. கையில் தழும்பு, இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை. கட்டுரை அப்படியே இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

என் சிநேகிதி விஷயத்தைச் சொன்னாள்.  அந்தப் பெண் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள். ஒரு சேலையில் அரிசியையும் இரண்டு துணியையும் போட்டு முடிந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் வாசலுக்கு வந்தார்கள். ஒருத்தி உப்புக் கருவாட்டை இலையில் சுற்றி முடிச்சுக்குள் திணித்தாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த லயத்தில் அன்று ஒருவருக்கும் வாய் இல்லை.

பிள்ளை மட்டும் கல்பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு விடமாட்டேன் என்றது.

"கனம்டி, போடு" என்றாள் தாய்.

நான் குனிந்து, "குடு கண்ணு, நான் பத்திரமா வச்சிருக்கேன்" என்று வாங்கிக் கதவோரம் சாத்தினேன். உதவி செய்கிறேன் என்று நினைப்பு.

பிறகு, பழக்க தோஷம், கேட்டுவிட்டேன். "எங்கம்மா போவீங்க?"

அவள் முடிச்சைத் தலையில் ஏற்றிக்கொண்டு முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தாள். "இதையும் எழுதுவீங்களா டீச்சரம்மா?" என்றாள்.

பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு கித்தா மரங்களுக்குள் போனாள். அந்த மரங்கள் வரிசை வரிசையாக ஒரே மாதிரி நிற்கும். கொஞ்ச தூரத்திலேயே ஆள் தெரியாமல் போய்விடும். அன்றைக்கு ஒருநாள்தான் அது நல்லதாகப் பட்டது.

அரை மணி நேரத்தில் அவன் வந்தான். புகைக்கூடத்தைத் தாண்டி, குழாயைப் பார்த்து, எதிர் வீட்டைப் பார்த்து, யாரையும் விசாரிக்காமல் நேரே வந்தான். விசாரிக்க வேண்டிய தேவையை நாங்கள் வைக்கவில்லையே. காய்ச்சல் நடுக்கத்தில் நிற்க முடியாமல் என் சிநேகிதி குழாய்த் திட்டில் உட்கார்ந்திருந்தாள். நான்தான் கதவுக்கு முன்னால் நின்றேன்.

"எந்தப் பக்கம் போச்சும்மா?"

"தெரியாது" என்றேன். நிஜமாகவே தெரியாது. அந்தப் பெண் எனக்குப் பதில் சொல்லியிருந்தால் என் முகமே காட்டிக்கொடுத்திருக்கும். அது அவளுக்குத் தெரிந்திருந்தது.

அவன் என்னைத் தாண்டி உள்ளே போய் ஒரு சுற்றுப் பார்த்தான். அடுப்புச் சாம்பலைத் தொட்டுப் பார்த்தான். வெளியே வரும்போது கதவோரம் இருந்த கல்பலகையைக் கண்டு எடுத்தான். வேட்டி நுனியால் துடைத்தான்.

"பிள்ளைக்கு எழுத வருதா?"

 அப்போதுதான் நான் பார்த்தேன். பிள்ளைகள் பலகையை மாற்றி எடுத்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள் என்று, என் சிநேகிதி பள்ளியில் ஒவ்வொரு பலகையின் மரச்சட்டத்திலும் அந்தந்தப் பிள்ளையின் பெயரை மசியால் எழுதி வைத்திருந்தாள். இதிலும் இருந்தது, பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே தாய் ஓடி வந்ததால் அவனுக்குத் தெரியாத சொந்தப் பெயர். தாய் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் தன் பெயரை மாற்றிக்கொள்வாள். ஏழு வயதுப் பிள்ளை, யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும்.

அவன் பலகையை என் பக்கம் நீட்டினான். சட்டத்தின் மேல் விரலை வைத்தான்.

"இதுல என்னமோ போட்டிருக்குதே. வாசிங்கம்மா."

காலையில் அத்தனை அழகாக வாசித்த அதே வாயால், "லயத்து நம்பரு" என்றேன்.

"நம்பரா?"

"ஆமா. நம்பருதான்."

அவன் எழுத்துகளைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "சரிங்கம்மா" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வந்த வழியே சடக்குக்கு நடந்தான். பிடுங்கி அடுப்பில் போட்டிருக்கலாம். ஓடிப் போய்க் காலில் விழுந்திருக்கலாம். நான் நின்றுகொண்டிருந்தேன். அவன் தோட்டத்தில் சாயங்காலம் லயத்து வாசலில் உட்கார்ந்து, எதைக் கொடுத்தாலும் உரக்க வாசித்துக் காட்ட ஒரு வாத்தியார் இருந்தார்.